கணவர் அலுவலக வாசலில் சத்தம் போடுகிறார், எச்.ஆர். ராஜினாமா கேட்கிறது: சட்டத்தில் என்ன வழி?

கேள்வியின் சுருக்கம்: சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை. கணவரின் அடி தாங்காமல் மூன்று வாரத்துக்கு முன்பு வீட்டை விட்டு வெளியேறி, ஒரு தோழியின் அறையில் தங்கியிருக்கிறார். கணவர் இரண்டு முறை அலுவலக வாசலுக்கு வந்து, மேனேஜரோடு தொடர்பு என்று எல்லார் காதிலும் விழும்படி கத்திவிட்டுப் போயிருக்கிறார். எச்.ஆர். கூப்பிட்டு, "குடும்பப் பிரச்சினையை முடித்துக்கொண்டு வாங்க, இல்லன்னா பேப்பர் போட்டுடுங்க" என்று சொல்லியாயிற்று. கேட்பது இதுதான்: என்னைக் காப்பாற்ற வேலைச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? கோர்ட்டுக்கு அலைய லீவு உண்டா? வேலையில் இருந்தால் ஜீவனாம்சம் கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்:

எதை எழுதிக் கொடுத்தாலும் ராஜினாமாவை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். இந்த மாதிரி நேரத்தில் எச்.ஆர். சொல்லச் சொல்ல எழுதும் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் "குடும்பச் சூழல் காரணமாக" என்ற சொற்கள் தவறாமல் இருக்கும். அவற்றை உங்கள் கையெழுத்தில் எழுதிவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தொழிலாளர் அலுவலகத்தில் போய் "என்னை மிரட்டி எழுதி வாங்கினார்கள்" என்று நிற்பது மிகக் கடினம். ஒருவேளை ஏற்கெனவே மெயில் அனுப்பியிருந்தால், விலகும் தேதி வருவதற்குள் "திரும்பப் பெறுகிறேன், அழுத்தத்தில் எழுதியது" என்று இன்றே பதில் அனுப்புங்கள். நாளை என்று தள்ளாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வீட்டை விட்டு வந்த பெண் தங்கும் இடத்தை மாற்றலாம், சிம்மை மாற்றலாம், போகும் வழியைக்கூட மாற்றலாம். காலை ஒன்பதரைக்கு எந்த வாசலில் இருப்பாள் என்பதை மட்டும் மாற்ற முடியாது, அது கணவனுக்கும் தெரியும். அதனால்தான் அங்கே வருகிறான். வேலை போய்விட்டால் அறை வாடகை போகும், பிறகு வேறு வழியில்லாமல் அவளே திரும்பி வருவாள் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. எச்.ஆர். உங்களிடம் கேட்கும் ராஜினாமா, அவர்களுக்கே தெரியாமல், அந்தக் கணக்கை முடித்துக் கொடுக்கும் வேலை.

சரி, சட்டத்துக்கு வருவோம். நேராகச் சொல்லிவிடுகிறேன்: குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்ணை வேலையிலிருந்து நீக்கக்கூடாது, அவளுக்கு இத்தனை நாள் சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. பிலிப்பைன்ஸில் 2004இலேயே பத்து நாள் சம்பள லீவு கொண்டுவந்துவிட்டார்கள். நியூசிலாந்தில் 2019 ஏப்ரல் முதல் பத்து நாள், கூடவே இரண்டு மாதம்வரை வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி கேட்கும் உரிமை. ஆஸ்திரேலியாவில் 2023 முதல் பத்து நாள், பகுதிநேர ஊழியருக்கும் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கொண்டுவந்த 190ஆம் உடன்படிக்கை, குடும்ப வன்முறையின் பாதிப்பு வேலையிடத்துக்கும் வருகிறது என்பதை ஏற்று அரசுகள் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும், நம் ஆட்கள் நிறையப் பேர் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதாலும். அங்கே விண்ட்சர் நகர மருத்துவமனை ஒன்றில் 2005இல் ஒரு செவிலியரை, அதே மருத்துவமனையில் மருத்துவராக இருந்த முன்னாள் துணைவர், பணி நேரத்திலேயே கொன்றார். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு பணிப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள், திருத்தம் 2010இல் நடைமுறைக்கு வந்தது. குடும்ப வன்முறை வேலையிடத்துக்குள் வரக்கூடும் என்று முதலாளிக்குத் தெரிந்தாலோ, தெரிந்திருக்க வேண்டிய நிலை இருந்தாலோ, ஊழியரைக் காக்க நியாயமான எல்லா முன்னெச்சரிக்கையும் எடுக்கவேண்டும் என்பது அங்கே கட்டாயம். "அது உங்க வீட்டு விஷயம்" என்று ஒன்டாரியோ முதலாளி சொல்ல முடியாது.

நம் ஊரில் சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்வதும் இங்கே சட்டப்படி அவ்வளவு உறுதியான நிலை இல்லை. வேலைச் சட்டத்தில் இல்லாத பாதுகாப்பு வேறு சட்டத்துக்குள் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. கோர்ட் வளாகத்தில் எல்லாரும் டி.வி. ஆக்ட் என்றுதான் சொல்வார்கள். அடி, வீடு, ஜீவனாம்சம் இவற்றுக்குத்தான் அந்தச் சட்டம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், வக்கீல்கள் உட்பட. அதற்குள் வேலையிடம் பற்றி என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்.

18ஆம் பிரிவு, பாதுகாப்பு உத்தரவு. அதில் உட்பிரிவு (இ), அதாவது ஆங்கிலப் பிரதியில் மூன்றாவதாக வருவது: மனுதாரர் வேலை செய்யும் இடத்துக்குள் எதிர்மனுதாரர் நுழையக்கூடாது என்று மாஜிஸ்திரேட், அதாவது நடுவர், தடை போடலாம். அடுத்த உட்பிரிவு, நேரிலோ எழுத்திலோ போனிலோ மின்னஞ்சலிலோ எந்த வகையிலும் தொடர்புகொள்ள முயலக்கூடாது என்பது. இன்னொன்று, உங்களுக்கு உதவி செய்பவர்கள்மீதும் வன்முறை கூடாது என்பது. அப்படியென்றால் உங்களைத் தன் அறையில் தங்கவைத்திருக்கும் தோழிக்கும், வாசலில் தடுத்து நிறுத்திய சக ஊழியருக்கும் சேர்த்தே உத்தரவு வாங்கலாம். இதை மனுவில் கேட்டால்தான் கிடைக்கும். அச்சடித்த படிவத்தில் எல்லாப் பிரிவுக்கும் டிக் அடித்துவிட்டு, அலுவலகத்தின் பெயரும் முகவரியும் எழுதாமல் விட்ட மனுக்கள் ஏராளம். "எந்த வேலையிடம்?" என்று நடுவர் கேட்பார், ஜூனியர் வக்கீல் கோப்பைப் புரட்டிக்கொண்டு நிற்பார். உங்கள் மனுவில் நிறுவனத்தின் பெயர், தளம், கேட், நிறுவன வண்டியில் போகிறவர் என்றால் ஏறும் இடம் வரைக்கும் இருக்கட்டும்.

இந்த உத்தரவை மீறினால் அது 31ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஓராண்டுவரை சிறை, இருபதாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வரமுடியாத குற்றம், போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். உங்கள் ஒருவர் சாட்சியத்தை வைத்தே குற்றம் நடந்ததாக நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்றும் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நடந்தது உண்மை என்று உங்கள் பிரமாணப் பத்திரத்தைப் பார்த்தாலே தோன்றினால், 23ஆம் பிரிவின்படி அவர் தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு போடவும் முடியும். மனு கொடுத்தால் வழக்கமாக மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அறுபது நாளுக்குள் முடிக்க முயலவேண்டும் என்பது சட்டம். அறுபது நாளில் முடிந்த மனுவை நான் பார்த்ததில்லை. ஆகவே இடைக்கால உத்தரவுதான் உங்கள் உண்மையான ஆயுதம். அதை முதல் வாய்தாவிலேயே கேட்டு வாங்கும் வக்கீலைப் பிடியுங்கள்.

அடுத்தது, "கேஸ் போட்டால் அவர் வேலை போய்விடுமோ" என்ற பயம் நிறையப் பெண்களைத் தடுக்கிறது. இந்த மனு சிவில் தன்மை கொண்டது. நடுவர் உத்தரவு போடுகிறார், யாரையும் குற்றவாளி ஆக்குவதில்லை. உத்தரவை மீறினால்தான் அது கிரிமினல் வழக்காகிறது.

சட்டத்தோடு வந்த 2006 விதிகளில் படிவங்கள் இருக்கின்றன. பாதுகாப்பு அலுவலர் (இந்தச் சட்டத்துக்காக அரசு நியமிக்கும் அதிகாரி) பூர்த்திசெய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையில், டி.ஐ.ஆர். என்பார்கள், பொருளாதார வன்முறை என்ற பகுதியைக் கண்டிப்பாகப் பாருங்கள். வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, வேலை செய்யும்போது தொந்தரவு செய்வது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சொந்தச் சம்பளத்தைச் செலவழிக்க விடாமல் செய்வது எல்லாம் அதில் வருகின்றன. உங்கள் கணவர் வாசலில் கத்தியது வெறும் தெருச் சண்டை இல்லை. இந்தச் சட்டப்படி அதுவே ஒரு வன்முறை. அதனால் நீங்கள் இழந்த சம்பளத்தையும் 20ஆம் பிரிவில் கேட்கலாம். லாஸ் ஆஃப் பே ஆன நாட்களின் சம்பளச் சீட்டை எடுத்துவையுங்கள்.

உத்தரவு கைக்கு வந்தபிறகு அலுவலகத்தில் அதை எப்படிக் கொடுப்பது என்பதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னிடம் வழக்கு கொடுத்த ஒரு பெண்ணுக்கு இடைக்கால உத்தரவு வாங்கிக் கொடுத்தேன். மகிழ்ச்சியில் நானே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, செக்யூரிட்டி ரூமில் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர்கள் அதை லேமினேட் செய்து, கணவரின் போட்டோவோடு கேட் அருகே கண்ணாடியில் ஒட்டிவிட்டார்கள். கூரியர் பையன் முதல் கேன்டீன் அக்கா வரை எல்லாரும் படித்தார்கள். அந்தப் பெண் என்னிடம் வந்து, "மேடம், அவர் கத்தினப்பக்கூட இவ்வளவு பேருக்குத் தெரியல" என்றார். அதற்குப் பிறகு இப்படித்தான் சொல்கிறேன்: ஒரு நகல் எச்.ஆரிடம் ஒப்புகையோடு, ஒரு நகல் மூடிய உறையில் செக்யூரிட்டி சூப்பர்வைசரிடம், ஷிப்ட் மாறும்போது அந்த உறை கைமாறட்டும். எழுதும் மெயிலில் "இதைப் பொதுப் பார்வைக்கு வைக்கவேண்டாம்" என்று ஒரு வரி சேருங்கள்.

மெயில் என்றதும், இப்போதே நீங்கள் அனுப்பவேண்டிய ஒன்று இருக்கிறது. நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆங்கிலத்திலோ தமிழிலோ, உள்ளடக்கம் இப்படி:

"இன்ன தேதியிலும் இன்ன தேதியிலும் என் கணவர் என் சம்மதம் இல்லாமல் அலுவலக வாசலுக்கு வந்து என்னை மிரட்டினார், பாலியல் ரீதியாக இழிவாகப் பேசினார். அவர்மீது குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனு தாக்கல் செய்ய இருக்கிறேன். அந்த இரு நாட்களின் வாசல் கேமரா பதிவையும் பார்வையாளர் பதிவேட்டையும் அழியாமல் பாதுகாத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பணி நேரம், இருக்கை, தொலைபேசி எண் பற்றி யார் கேட்டாலும் சொல்லவேண்டாம். இன்று என்னை வேலையிலிருந்து விலகும்படி வாய்மொழியாகக் கேட்டீர்கள். விலகும் எண்ணம் எனக்கு இல்லை. தொடர்ந்து பணிக்கு வருகிறேன்."

கடைசி மூன்று வாக்கியம்தான் முக்கியம். வாயால் சொன்னதை எழுத்தாக்கிவிட்டீர்கள். அவர்கள் மறுத்துப் பதில் போடமாட்டார்கள், போட்டாலும் நல்லதே. கேமரா பதிவு பல அலுவலகங்களில் பதினைந்து நாள், அதிகம் போனால் ஒரு மாதத்தில் தானாக அழிந்து புதியது ஏறிவிடும். அதனால் தாமதிக்காதீர்கள். இந்த மெயிலை உங்கள் சொந்த மெயிலுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், ஆனால் கணவருக்குப் பாஸ்வேர்டு தெரிந்த பழைய மெயிலுக்கு வேண்டாம்.

அந்த மெயிலில் "பாலியல் ரீதியாக இழிவாக" என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, முதலாளியின் கடமைகளில் முதலாவதாக, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் வெளியாட்களிடமிருந்தும் சேர்த்து பாதுகாப்பான சூழலைத் தரவேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் குடும்ப வன்முறைக்காக எழுதப்பட்டதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் வாசலில் நின்று மேனேஜரோடு சேர்த்துப் பேசுவது பாலியல் சாயல் கொண்ட பேச்சு இல்லையா? கணவன் என்பதால் அது வேறு ஏதாவது ஆகிவிடுமா? இது நான் வைக்கும் வாதம். இதற்கு நேரான தீர்ப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே தீரவேண்டும் என்பதால், அதன் வெளி உறுப்பினரிடம் இதை எடுத்துச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. எச்.ஆர். கேட்காததை அவர் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, ராஜினாமா தரமாட்டேன் என்றால் அவர்களே நீக்கிவிட்டால்? சென்னையில் அலுவலக வேலை என்றால் பெரும்பாலும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 உங்களுக்குப் பொருந்தும். அதன் 41ஆம் பிரிவு பழையது, எளியது, வலுவானது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கமுடியாது, ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தரவேண்டும். தவறு செய்ததாகச் சொல்லி நீக்குவதென்றால் விசாரணை நடத்தி அதில் நிரூபித்திருக்க வேண்டும். கணவர் கத்தியது உங்கள் ஒழுங்கீனம் ஆகாது. நீக்கினால் உத்தரவு கிடைத்த முப்பது நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். முப்பது நாளை எண்ணி வையுங்கள், துக்கத்திலும் அலைச்சலிலும் அது ஓடிவிடும். ஒரு விலக்கு: நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் பதவிப்பெயரில் "மேனேஜர்" இருந்தாலும் பயப்படவேண்டாம், பெயரை விடச் செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள். தொழிற்சாலைப் பெண்களுக்கு வழி வேறு, அது தொழில் தகராறு என்று போகும்.

அடி வாங்கி ஓடிவந்த பெண்கள் ஒரு வாரம் பத்து நாள் வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவதும், திரும்பிப் போனால் "நீங்களே விட்டுட்டுப் போயிட்டீங்க" என்று கேட்டில் நிறுத்துவதும் நடக்கிறது. எட்டு நாள் வராவிட்டால் தானாக வேலை போய்விடும் என்று நிலையாணையில், அதாவது நிறுவனத்தின் பணி விதிகளில், எழுதியிருந்தாலும், அவர் தரப்பைக் கேட்காமல் பெயரை அடிக்கமுடியாது என்று 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீங்களும் சில நாள் வராமல் இருந்து, அதற்கு இன்னும் விளக்கம் தரவில்லை என்றால் இன்றே இரண்டு வரியில் தந்துவிடுங்கள்.

லீவு. தனி லீவு இல்லை என்றேன், இருப்பதை வைத்துச் சமாளிக்கவேண்டும். அதே 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓராண்டு முடித்தவருக்குச் சம்பளத்தோடு 12 நாள், உடல்நலக் குறைவுக்கு 12 நாள், வேறு நியாயமான காரணத்துக்கு 12 நாள் உண்டு. கோர்ட் வாய்தா நியாயமான காரணம்தான். வாய்தாவுக்குப் போன அன்று ஆஜர் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பெஞ்ச் கிளர்க்கிடம் கேட்டால் கிடைக்கும். உங்கள் சம்பளம் மாதம் 21,000க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், காயத்துக்கோ மன உளைச்சலுக்கோ இ.எஸ்.ஐ. மருத்துவர் தரும் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள்வரை எழுபது சதவீத ஊதியம் கிடைக்கும். அப்புறம், மருத்துவரிடம் "படியில் விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். எப்படி அடிபட்டது என்று அவர் எழுதும் அந்த ஒரு வரி கோர்ட்டில் பெரிய சாட்சி.

இப்போது யாரும் கவனிக்காத சில இடங்கள். உங்கள் அலுவலகக் கோப்பில் எமர்ஜென்சி காண்டாக்ட் யார்? திருமணம் ஆன புதிதில் கணவர் எண்ணைத்தான் கொடுத்திருப்பீர்கள். நீங்கள் சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் எச்.ஆரில் இருக்கும் பெண் நல்லெண்ணத்தில் முதலில் அழைப்பது அந்த எண்ணைத்தான். "இன்னிக்கு அவங்க ஆபீஸ் வரலையே சார், வீட்ல இருக்காங்களா?" என்று. முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

சம்பளக் கணக்கு அவரோடு சேர்ந்த கணக்காக இருந்தாலோ, ஏ.டி.எம். அட்டை அவரிடம் இருந்தாலோ, வேறு வங்கியில் உங்கள் பெயரில் மட்டும் கணக்குத் தொடங்கி, சம்பளத்தை அங்கே போடும்படி மெயில் போடுங்கள். பழைய வங்கியிலேயே இன்னொரு கணக்கு வேண்டாம், கிளையில் அவருக்குத் தெரிந்தவர் இருப்பார். பி.எஃப். கணக்கோடும் ஆதாரோடும் இணைந்த செல்போன் எண் யாருடையது என்று பாருங்கள். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகிறது என்றால் உங்கள் பி.எஃப். பணம் பாதி அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். பி.எஃப். வாரிசு நியமனமும் அப்படியே: திருமணம் ஆனபின் குடும்பத்தாரைத்தான் நியமிக்கலாம் என்பது விதி, ஆனால் 1952ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே ஒரு சிறு வாசல் வைத்திருக்கிறார்கள். பெண் உறுப்பினர், கணவரைத் தன் குடும்பத்திலிருந்து விலக்குவதாக ஆணையருக்கு எழுத்தில் தெரிவித்தால், அவரும் அவரைச் சார்ந்த பெற்றோரும் அந்தத் திட்டத்தைப் பொறுத்தவரை குடும்பம் இல்லை. விவாகரத்து வேண்டியதில்லை, கோர்ட் வேண்டியதில்லை, ஒரு கடிதம் போதும். இருபது வருடம் பி.எஃப். பிடித்தம் கொடுத்த பெண்களுக்கே இது தெரிவதில்லை.

ஜீவனாம்சக் கேள்விக்குப் பதில்: வேலையில் இருப்பது தடை இல்லை. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், மனைவி சம்பாதிக்கிறார் என்பதாலேயே ஜீவனாம்சம் மறுக்கமுடியாது, அந்த வருமானம் புகுந்த வீட்டில் வாழ்ந்த தரத்தில் வாழப் போதுமா என்று பார்க்கவேண்டும் என்றது. இரண்டு பேரும் சொத்து, வருமானப் பட்டியலைப் பிரமாணமாகத் தாக்கல் செய்யவேண்டும் என்பதும் அதில்தான் வந்தது. உங்கள் சம்பளத்தைக் கழித்துத் தொகையைக் குறைப்பார்கள், அது நடக்கும். அதற்காக வேலையை விட்டால் லாபம் என்று எந்தச் சொந்தக்காரராவது கணக்குச் சொன்னால் கேட்காதீர்கள். தொகை உத்தரவாகியும் அவர் தராவிட்டால், டி.வி. ஆக்ட்டின் 20ஆம் பிரிவின் ஆறாவது உட்பிரிவின்படி, அவருடைய முதலாளியே அவர் சம்பளத்திலிருந்து பிடித்து நேரே உங்களுக்கு அனுப்பும்படி நடுவர் உத்தரவிடலாம்.

யாரிடம் போவது? மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். 181ஐ அழைத்தால் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழிகாட்டுவார்கள். வக்கீல் கட்டணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமான வரம்பு இல்லை. எண் 15100. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது தனி, கொடுங்கள், ஆனால் அங்கே "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுறோம்" என்று உட்காரவைத்தால் அதற்காக டி.வி. மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். தோழியின் அறை நிரந்தரம் இல்லை என்றால், அரசு நடத்தும் தோழி விடுதிகளில் இடம் கேட்டுப் பாருங்கள், வேலைக்குப் போகும் பெண்களுக்கென்றே இருப்பவை. உங்களுக்காகச் சக ஊழியர் ஒருவர் தகவல் கொடுத்தாலும் பாதுகாப்பு அலுவலர் எடுத்துக்கொள்வார். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர்மீது வழக்குப் போடமுடியாது என்பது அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு. தகவல் கொடுக்க உங்கள் மேனேஜர் பயந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மனு எங்கே போடுவது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது, இதை வக்கீல்களே யோசிப்பதில்லை. டி.வி. ஆக்ட்டின் 27ஆம் பிரிவின்படி நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலும் போடலாம், வேலை செய்யும் இடத்திலும் போடலாம். தங்கியிருக்கும் இடத்தை வைத்துப் போட்டால், மனுவின் முதல் பக்கத்திலேயே தோழியின் கதவிலக்கம், தெரு, மாடி எல்லாம் வரும், அந்த மனுவின் நகலைக் கோர்ட்டே அவருக்கு அனுப்பிவைக்கும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த இடம் அலுவலகம். ஆகவே வேலையிடத்து எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் போடச் சொல்லுங்கள், கடிதப் போக்குவரத்துக்கு வக்கீல் அலுவலக முகவரியைக் கொடுங்கள். டைப் அடித்து வந்ததும் கையெழுத்துப் போடுமுன் முதல் பக்கத்தை நீங்களே ஒரு முறை படியுங்கள். ஆதார் நகல் இணைத்தால், பின்பக்கத்தில் புது முகவரி ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.